திறன்மிகு கரிம சூரிய மின்கலத்துக்கான பாலிமர்: தேர்விலிருந்து ஆயுள் சோதனை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கரிம சூரிய மின்கலத்துக்கு எந்தப் பாலிமர் சிறந்தது என்ற கேள்வியோடுதான் பெரும்பாலான மாணவர்கள் இத்துறைக்குள் நுழைகிறார்கள். பாலிமரின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு விடை சொல்ல முடியாது. ஒரே பாலிமர் ஓர் ஏற்பியுடன் (எலக்ட்ரானை ஏற்கும் துணைப்பொருளுடன்) சேரும்போது 7 விழுக்காடு செயல்திறனும் வேறோர் ஏற்பியுடன் சேரும்போது 15 விழுக்காடும் தரலாம். ஒரே பெயரில் இரண்டு குப்பிகளில் வரும் பாலிமர், மூலக்கூறு எடை வேறுபட்டதால் மட்டுமே இரண்டு வெவ்வேறு பொருள்களைப் போல நடந்துகொள்ளலாம். ஆகவே பாலிமரை அதன் துணைப்பொருள், மூலக்கூறு எடை, கரைப்பான், உலரும் வேகம் ஆகியவற்றோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்ற அடிப்படையில் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். முதுநிலை வேதியியல், இயற்பியல், பொருளறிவியல் மாணவர்களையும் ஆய்வகத்தில் முதல் மின்கலத்தைச் செய்யவிருப்பவர்களையும் மனத்தில் கொண்டது இது. முதன்மை எடுத்துக்காட்டாகப் பிஎம்6 என்னும், எலக்ட்ரானை வழங்கும் வழங்கிப் பாலிமரையும் ஒய்6 என்னும் ஏற்பியையும் எடுத்துக்கொள்கிறேன். இன்று உலகெங்கும் ஆய்வகங்கள் தங்கள் செய்முறையைச் சரிபார்க்கப் பயன்படுத்தும் இணை அதுவே.

முதல் படி: மின்கலம் வேலை செய்யும் விதத்தைப் பாலிமரின் கண்ணோட்டத்தில் புரிந்துகொள்ளுதல்

சிலிக்கானில் ஒளி விழுந்தவுடன் எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற வெற்றிடமாகிய மின்துளையும் ஏறக்குறைய உடனே தனித்தனியாகி விடுகின்றன. சிலிக்கானின் ஒப்புமை விடுதிறன் 11.7 என்பதால், எதிரெதிர் மின்னூட்டங்களுக்கு இடையிலான ஈர்ப்பு அங்கே வலுவிழந்திருக்கிறது. பாலிமர்களில் இந்த எண் 3 முதல் 4 வரைதான். எனவே ஒளியால் உருவான எலக்ட்ரானும் மின்துளையும் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொண்டு, எக்சிட்டான் எனப்படும் இணையாகவே நகர்கின்றன. இந்த இணையைப் பிரிக்க அறை வெப்பத்தின் ஆற்றல் போதாது. பெரும்பாலான பாலிமர்களில் அது ஏறத்தாழ 10 நானோமீட்டர் தொலைவு நகர்வதற்குள் அழிந்தும் விடுகிறது.

இதற்கான தீர்வு இரண்டு கட்டங்களாக வந்தது. 1986இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய சிங் டாங், எலக்ட்ரானை வழங்கும் கரிமப் பொருளையும் ஏற்கும் கரிமப் பொருளையும் இரண்டு அடுக்குகளாக வைத்து ஏறத்தாழ 1 விழுக்காடு செயல்திறனை எட்டினார். இரண்டு பொருள்களும் சந்திக்கும் எல்லையில் எக்சிட்டான் பிரிகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. ஆனால் எல்லையிலிருந்து 10 நானோமீட்டருக்கு அப்பால் உட்கவரப்பட்ட ஒளி வீணாயிற்று. 1992இல் சரிசிஃப்ட்சி, ஹீகர் ஆகியோர் பாலிமரிலிருந்து ஃபுல்லரீன் எனப்படும் கார்பன்-60 பந்துக்கு எலக்ட்ரான் மிக விரைவாகத் தாவுவதைக் காட்டினர். 1995இல் ஹீகரின் குழு பாலிமரையும் அந்தப் பந்தின் கரையக்கூடிய வழிப்பொருளையும் ஒரே கரைசலில் கலந்து பூசியது. உலரும்போது இரண்டும் சில பத்து நானோமீட்டர் அகலமுள்ள தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்து, ஒரே தொட்டியில் வளரும் இரண்டு செடிகளின் வேர்கள் போலப் பின்னிக்கிடக்கும். எங்கு ஒளி விழுந்தாலும் அருகிலேயே ஓர் எல்லை இருக்கும். பிரிந்த மின்னூட்டங்கள் வெளியேறத் தொடர்ச்சியான பாதையும் இருக்கும். இந்தக் கலப்புச் சந்தி அமைப்புதான் இன்றுவரை எல்லா உயர்திறன் கரிம மின்கலங்களுக்கும் அடித்தளம்.

இதிலிருந்து பாலிமரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியவை தாமாகவே வெளிப்படுகின்றன. அது சூரிய ஒளியின் தக்க பகுதியை வலுவாக உட்கவர வேண்டும். அதன் ஆற்றல் மட்டங்கள் ஏற்பியின் மட்டங்களோடு பொருந்த வேண்டும். மின்துளையைத் தங்குதடையின்றிக் கடத்த வேண்டும். கரைப்பானில் கரைந்து, உலரும்போது ஏற்பியிடமிருந்து சரியான அளவில் மட்டும் பிரிய வேண்டும். கடைசியாகச் சொன்னதே அடைவதற்கு மிகக் கடினமானது.

இரண்டாம் படி: பாலிமரின் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தல்

பி3எச்டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாலி(3-ஹெக்சைல்தயோபீன்) இத்துறையின் மூத்த பாலிமர். 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிசிபிஎம் என்னும் ஃபுல்லரீன் ஏற்பியுடன் சேர்ந்து 4 முதல் 5 விழுக்காடு தந்தது. அதன் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 1.9 எலக்ட்ரான்வோல்ட் என்பதால் 650 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை அது பயன்படுத்துவதில்லை. அதன் ஹோமோ மட்டம், அதாவது எலக்ட்ரான்கள் நிரம்பிய மட்டங்களில் மிக மேலானது, உயரத்தில் இருப்பதால் மின்னழுத்தமும் 0.6 வோல்ட்டைச் சுற்றியே நின்றது.

இடைவெளியைக் குறைக்க வேதியியலாளர்கள் கண்ட வழி, எலக்ட்ரான் செறிந்த அலகையும் எலக்ட்ரானை இழுக்கும் அலகையும் ஒரே சங்கிலியில் மாற்றி மாற்றிக் கோப்பதாகும். இரண்டு அலகுகளின் ஆற்றல் மட்டங்களும் கலப்பதால் ஹோமோ மேலேறி, லூமோ எனப்படும் மிகத் தாழ்ந்த வெற்று மட்டம் கீழிறங்கி, இரண்டுக்கும் இடையிலான இடைவெளி சுருங்குகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் லூப்பிங் யூவின் குழு உருவாக்கிய பிடிபி7 என்னும் இவ்வகைப் பாலிமர் 2010இல் ஃபுல்லரீனுடன் 7 விழுக்காட்டைத் தாண்டியது.

ஆயினும் பெரிய திருப்பம் ஏற்பியின் பக்கத்திலிருந்து வந்தது. ஃபுல்லரீன் கண்ணுறு ஒளியை மிகக் குறைவாகவே உட்கவரும். எனவே ஒளியைப் பிடிக்கும் சுமை முழுவதும் பாலிமர் மீதே இருந்தது. 2015இல் ஷான் சியாவ்வெயின் குழு அறிமுகப்படுத்திய ஐடிஐசி, 2019இல் ஸோ யிங்பிங்கின் குழு அறிமுகப்படுத்திய ஒய்6 ஆகிய ஏற்பிகள் தாமே நெடுஅலை ஒளியை வலுவாக உட்கவர்ந்தன. ஒய்6 ஏறத்தாழ 930 நானோமீட்டர் வரை, அதாவது அண்மை அகச்சிவப்பு வரை, ஒளியைப் பிடிக்கிறது. இதனால் பாலிமரின் வேலையே மாறியது. முன்பு குறுகிய ஆற்றல் இடைவெளி உடைய பாலிமரைத் தேடினோம். இப்போது ஏற்பி விட்டுவைக்கும் 450 முதல் 680 நானோமீட்டர் பகுதியை நிரப்பும் அகன்ற இடைவெளிப் பாலிமரைத் தேட வேண்டும். ஃபுல்லரீன் காலத்து ஆய்வுகளைப் படித்துவிட்டுப் பாலிமரைத் தேர்பவர்கள் இங்கேதான் திசை தவறுகிறார்கள்.

புதிய தேவைக்குப் பொருந்திய பாலிமர்களில் முக்கியமானது ஹோவ் ஜியான்ஹுயின் குழு உருவாக்கிய பிபிடிபி-டி. பென்சோடைதயோபீன் அலகும் அதன் டையோன் வழிப்பொருளும் அதில் மாறி மாறி வருகின்றன. அதன் பக்கவாட்டுத் தயோபீன் வளையங்களில் ஃப்ளூரின் அணுவைச் சேர்த்தால் கிடைப்பது பிஎம்6. குளோரினைச் சேர்த்தால் பிஎம்7. எலக்ட்ரானை இழுக்கும் இந்த அணுக்கள் ஹோமோ மட்டத்தைத் தாழ்த்தி மின்னழுத்தத்தை உயர்த்துகின்றன. பிஎம்6-ஒய்6 இணை 2019இல் 15.7 விழுக்காடு தந்தது. 2020இல் டிங் லிமிங்கின் குழு, டி18 என்னும் பாலிமரை அதே ஒய்6 உடன் சேர்த்து 18 விழுக்காட்டைத் தாண்டியது. ஏற்பியை மாற்றாமல் பாலிமரை மட்டும் மாற்றியதால் கிடைத்த முன்னேற்றம் அது. அதற்குப் பின் ஏற்பிகளைத் திருத்தியும் மூன்றாவது பொருளைக் கலந்தும் ஒற்றைச் சந்தி மின்கலங்கள் 20 விழுக்காட்டை எட்டியிருக்கின்றன.

செயல்திறன் ஒன்றையே அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. டி18, பிஎம்6 ஆகியவற்றின் மோனோமர்களைத் தயாரிக்கப் பல வேதிவினைப் படிகள் தேவை. ஒவ்வொரு படியிலும் விளைச்சல் குறையும், கழிவு கூடும். பிடிகியூ10 என்னும் தயோபீன்-குவினாக்சலின் பாலிமர் இதற்கு மாற்றாக 2018இல் லீ யோங்ஃபாங்கின் குழுவிடமிருந்து வந்தது. மலிவான மூலப்பொருள்களிலிருந்து இரண்டே படிகளில், மொத்தமாக 87.4 விழுக்காடு விளைச்சலுடன் அதைச் செய்யலாம். அந்த ஆய்விலேயே அது 12.7 விழுக்காடு செயல்திறனையும் காட்டியது. பழைய பி3எச்டியையும் ஒதுக்கிவிட முடியாது. பொருத்தமான புதிய ஏற்பிகளுடன் அது 2016இல் 6.4 விழுக்காட்டையும், 2020இல் 9 விழுக்காட்டுக்கு மேலும் எட்டியது. கிலோ கணக்கில் எளிதாகச் செய்யக்கூடிய பாலிமர் அது. அச்சு முறையில் பெரும் பரப்பில் பூசுவதே நோக்கமென்றால் பிடிகியூ10, பி3எச்டி ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். அடிப்படை இயற்பியலைப் படிக்க வேண்டுமென்றால் பிஎம்6இலிருந்து தொடங்குங்கள்.

மூன்றாம் படி: ஆற்றல் மட்டங்களைக் கணக்கிட்டுப் பொருத்தம் பார்த்தல்

பாலிமரின் மெல்லிய படலத்தை எடுத்து ஒளி உட்கவர் நிரலைப் பதிவு செய்யுங்கள். உட்கவர்தல் தொடங்கும் அலைநீளத்தை நானோமீட்டரில் குறித்து, 1240ஐ அதனால் வகுத்தால் ஆற்றல் இடைவெளி எலக்ட்ரான்வோல்ட்டில் கிடைக்கும். ஒய்6க்கு 1240ஐ 930ஆல் வகுத்தால் 1.33. பிஎம்6க்கு ஏறத்தாழ 1.8 கிடைக்கும். கரைசலிலும் இதே நிரலை எடுத்து ஒப்பிடுவது பயனுள்ளது. படலத்தில் நிரல் நெடுஅலைப் பக்கம் நகர்ந்தால் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி அடுக்கமைகின்றன என்று பொருள். பிஎம்6 போன்ற பாலிமர்கள் அறை வெப்பத்தில் கரைசலிலேயே திரளத் தொடங்கிவிடுவதால் இந்த நகர்வு சிறியதாக இருக்கும். கரைசலைச் சூடாக்கிக்கொண்டே நிரலை எடுத்தால், திரள்கள் கலைவதை உட்கவர்தல் குற்றலைப் பக்கம் நகர்வதிலிருந்து நேரடியாகக் காணலாம்.

ஹோமோ மட்டத்தைச் சுழல் வோல்டாமெட்ரி முறையில், ஃபெரோசீனை ஒப்பீடாக வைத்து அளப்பது வழக்கம். ஃபெரோசீனின் மட்டத்தை வெற்றிட மட்டத்துக்குக் கீழே 4.8 எலக்ட்ரான்வோல்ட் என்று கொண்டு கணக்கிடுகிறார்கள்; 5.1 என்று கொள்ளும் ஆய்வுகளும் உண்டு. எனவே இரண்டு வெவ்வேறு கட்டுரைகளிலிருந்து பாலிமரின் மட்டத்தையும் ஏற்பியின் மட்டத்தையும் எடுத்து ஒன்றோடொன்று கழித்துப் பார்ப்பது பொருளற்றது. இரண்டையும் ஒரே கருவியில், ஒரே நாளில், படலங்களாகவே அளந்து ஒப்பிடுங்கள்.

ஃபுல்லரீன் காலத்தில் எக்சிட்டானைப் பிரிக்க இரு பொருள்களின் மட்டங்களுக்கு இடையில் குறைந்தது 0.3 எலக்ட்ரான்வோல்ட் வேறுபாடு வேண்டும் என்பது விதியாகச் சொல்லப்பட்டது. ஒய்6 ஆய்வில் வெளியிடப்பட்ட எண்களின்படி பிஎம்6இன் ஹோமோ 5.56, ஒய்6இன் ஹோமோ 5.65; வேறுபாடு 0.09 மட்டுமே. அப்படியிருந்தும் மின்னூட்டங்கள் திறம்படப் பிரிகின்றன. இந்த வேறுபாடு சிறிதாக இருந்தால் மின்னழுத்த இழப்பும் குறையும். பிஎம்6-ஒய்6 மின்கலத்தின் திறந்தசுற்று மின்னழுத்தம் 0.83 வோல்ட், இடைவெளி 1.33 என்பதால் இழப்பு 0.50. மிகச் சிறந்த சிலிக்கான் மின்கலங்களில் இது 0.38 அளவிலும் காலியம் ஆர்செனைடில் 0.30 அளவிலும் இருக்கிறது. ஒளியை உமிழாமல் நடக்கும் மறுஇணைவே கரிமப் பொருள்களில் இந்தக் கூடுதல் இழப்புக்கு முதன்மைக் காரணம். புதிய பாலிமரை வடிவமைப்பவர்கள் கவனம் செலுத்த வேண்டிய இடம் இது.

நான்காம் படி: பாலிமரைத் தயாரித்தலும் மூலக்கூறு எடையைக் கட்டுப்படுத்துதலும்

பிஎம்6 வகைப் பாலிமர்கள் பெரும்பாலும் ஸ்டில் இணைப்பு வினையால் செய்யப்படுகின்றன. ஒரு மோனோமரின் இரு முனைகளிலும் ட்ரைமெத்தில்டின் தொகுதியும், மற்றதன் இரு முனைகளிலும் புரோமினும் இருக்கும்; பல்லேடியம் வினைவேகமாற்றியின் துணையோடு, ஆக்சிஜன் நீக்கிய டொலுவீனில், ஏறத்தாழ 110 டிகிரி செல்சியசில் வினை நடக்கும். ட்ரைமெத்தில்டின் சேர்மங்கள் கடுமையான நச்சுத்தன்மை உடையவை, தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லக்கூடியவை. புகைப்போக்கிப் பெட்டிக்கு வெளியே அவற்றைத் திறக்கவே கூடாது. கையுறைகளையும் கழிவுகளையும் தனியாகச் சேகரிக்க வேண்டும். டின்னைத் தவிர்க்க விரும்புவோர்க்குச் சுசுகி இணைப்பும் நேரடி அரைலேற்றமும் வழிகளாக உள்ளன. நேரடி அரைலேற்றத்தில் படிகளும் நச்சுக் கழிவும் குறைந்தாலும், இணையக்கூடாத இடங்களில் கிளைகள் உருவாகாமல் பார்த்துக்கொள்வது கடினம்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் அடுத்து வரும் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மோனோமர்களும் மோல் அளவில் சரிசமமாக இருந்தால்தான் நீண்ட சங்கிலி உருவாகும். அவற்றின் விகிதத்தை 'வி' என்று கொண்டால், வினை முழுமையடைந்த நிலையில் ஒரு சங்கிலியில் சராசரியாக இருக்கும் மோனோமர் அலகுகளின் எண்ணிக்கை, ஒன்றோடு வியைக் கூட்டி, அதை ஒன்றிலிருந்து வியைக் கழித்த எண்ணால் வகுக்கக் கிடைப்பதாகும். கரோதர்ஸ் சமன்பாடு என்பது இதுவே. வி 0.98 என்றால் 99 அலகுகள், வி 0.95 என்றால் 39 அலகுகள் மட்டுமே. பிஎம்6இல் இரண்டு மோனோமர்கள் சேர்ந்த ஒரு மீள்அலகின் எடை 1,220 அளவில் உள்ளது. ஆகவே முதல் நிலையில் மூலக்கூறு எடை ஏறத்தாழ 60,000, இரண்டாவதில் 24,000. எடைபோடுவதில் நேர்ந்த மூன்று விழுக்காட்டு வேறுபாடு, அல்லது மோனோமரில் தங்கிவிட்ட அதே அளவு கரைப்பான், பாலிமரின் நீளத்தை அரைப்பங்குக்கும் கீழாகக் குறைத்துவிடுகிறது. எனவே மோனோமரை அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிரலில் மாசின்றித் தெரியும்வரை தூய்மைப்படுத்தி, வெற்றிடத்தில் முழுமையாக உலர்த்தி, நான்கு தசம இடத் தராசில் எடைபோடுங்கள். சிறிய அளவில் செய்வதால் பிழையின் விழுக்காடு கூடும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். 20 மில்லிகிராமில் 0.4 மில்லிகிராம் தவறினாலே 2 விழுக்காடு போய்விடும்.

மூலக்கூறு எடை ஏன் இவ்வளவு முக்கியம்? குட்டையான சங்கிலிகள் எளிதாகப் படிகமாகும். ஆனால் ஒரு படிகத்திலிருந்து அடுத்த படிகத்துக்குப் பாலமாக நீளாது. மின்துளைகள் படிக விளிம்பிலேயே தேங்கும். நிரப்புக் காரணி (மின்னோட்ட-மின்னழுத்த வளைகோடு எவ்வளவு சதுரமாக இருக்கிறது என்பதன் அளவு) விழும். படலமும் எளிதில் விரிசல்விடும். நீண்ட சங்கிலிகள் பல படிகங்களை இணைத்து, ஒழுங்கற்ற பகுதிகளின் ஊடாகவும் மின்துளைகளைக் கொண்டுசெல்கின்றன. அளவுக்கு மீறி நீண்டுவிட்டாலோ பாலிமர் குளோரோஃபாமில் கரையாமல் கூழாகும், வடிகட்டியில் அடைத்துக்கொள்ளும், வடிகட்டிய கரைசலின் செறிவு எவ்வளவு என்றே சொல்ல முடியாது. இரண்டு எல்லைகளுக்கும் நடுவே ஒவ்வொரு பாலிமருக்கும் உகந்த பகுதி ஒன்று உண்டு. அதைச் சோதனை செய்துதான் கண்டறிய வேண்டும்.

வினை முடிந்ததும் கரைசலை மெத்தனாலில் ஊற்றிப் பாலிமரை வீழ்படிவாக்குங்கள். பிறகு சாக்ஸ்லெட் கருவியில் மெத்தனால், அசிட்டோன், ஹெக்சேன் என்ற வரிசையில் கழுவி, கடைசியாகக் குளோரோஃபாமில் பிரித்தெடுங்கள். முதல் இரண்டும் வினைவேகமாற்றி எச்சங்களையும் சிறு மூலக்கூறுகளையும், ஹெக்சேன் குட்டைச் சங்கிலிகளையும் நீக்கும். ஹெக்சேன் கழுவலில் நிறம் ஆழமாக இறங்கிக்கொண்டே இருந்தால் சங்கிலிகள் நீளவில்லை என்பதை அப்போதே அறிந்துகொள்ளலாம். இறுதியில் எஞ்சும் பல்லேடியம் மின்னூட்டங்களைப் பிடித்துவைக்கும் பொறியாகச் செயல்படுவதால், உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருளுடன் சேர்த்துக் கலக்கி அதை அகற்றுவது நல்லது. மூலக்கூறு எடையை ஜெல் ஊடுருவல் குரோமடோகிராஃபியில், 150 டிகிரி செல்சியசில் ட்ரைகுளோரோபென்சீனில் அளக்க வேண்டும். அறை வெப்பத்தில் அளந்தால் திரள்களின் எடையையே சங்கிலியின் எடையென்று எடுத்துக்கொள்வோம்.

பாலிமரை விலைக்கு வாங்குபவர்களும் இந்தப் படியைத் தாண்டிச் செல்ல வேண்டாம். குப்பியின் தொகுதி எண்ணையும் அதற்குரிய மூலக்கூறு எடைச் சான்றையும் கேட்டுப் பெற்று, ஒவ்வொரு மின்கலத்தின் பதிவிலும் குறித்துவையுங்கள்.

ஐந்தாம் படி: கரைசலும் படலமும்

இந்த எடுத்துக்காட்டுக்கு இந்தியம் டின் ஆக்சைடு பூசிய கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். சோப்பு நீர், தூய நீர், அசிட்டோன், ஐசோபுரோப்பனால் ஆகியவற்றில் வரிசையாக மீயொலித் தொட்டியில் கழுவி, நைட்ரஜனால் ஊதி உலர்த்தி, புற ஊதா-ஓசோன் கருவியில் 15 நிமிடம் வையுங்கள். மின்துளை கடத்தும் அடுக்குக்கான பிடாட்-பிஎஸ்எஸ் பாலிமர் கரைசலை 0.45 மைக்ரான் வடிகட்டி வழியாகச் செலுத்தி, நிமிடத்துக்கு 4,000 சுற்று வேகத்தில் பூசி, 150 டிகிரி செல்சியசில் 15 நிமிடம் உலர்த்துங்கள். இனி வரும் பணிகள் நைட்ரஜன் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள் நடக்க வேண்டும்.

பிஎம்6, ஒய்6 ஆகியவற்றை எடையில் 1-க்கு 1.2 என்ற விகிதத்தில் எடுத்து, மில்லிலிட்டருக்கு மொத்தம் 16 மில்லிகிராம் செறிவில் குளோரோஃபாமில் கரையுங்கள். 1-குளோரோநாப்தலீனைக் கன அளவில் 0.5 விழுக்காடு சேருங்கள். சில மணி நேரம் 40 டிகிரி அளவில் இளஞ்சூட்டில் கலக்கிய பின் 3,000 சுற்று வேகத்தில் பூசினால் 100 முதல் 150 நானோமீட்டர் தடிமனுள்ள படலம் கிடைக்கும். 110 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்குங்கள். அதன்மேல் மெத்தனாலில் கரைத்த பிடிஐஎன்ஓ என்னும் மெல்லிய எலக்ட்ரான் கடத்தும் அடுக்கையும், வெற்றிட ஆவியாக்கத்தில் 100 நானோமீட்டர் அலுமினியத்தையும் படியவைத்தால் மின்கலம் தயார்.

செய்முறையை எழுதுவது எளிது. படலம் உலரும் அந்தச் சில நொடிகளில் என்ன நடக்கிறது என்பதே செயல்திறனைத் தீர்மானிக்கிறது. குளோரோஃபாம் 61 டிகிரியில் கொதிக்கும். சுழலும் தட்டில் அது நொடிகளில் போய்விடும். குளோரோநாப்தலீன் 260 டிகிரிக்கு அருகில் கொதிப்பதால் பின்தங்கி நின்று, ஏற்பியின் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கமைய அவகாசம் தருகிறது. அதன் அளவு கூடினால் பகுதிகள் பெருத்து, எக்சிட்டான் எல்லையை அடையாமலே அழியும். குறைந்தால் கலவை அளவுக்கு மீறி நுண்ணியதாகி, பிரிந்த மின்னூட்டங்கள் மீண்டும் ஒன்றுசேரும். 2007இல் ஹீகரின் குழு பிசிபிடிடிபிடி என்னும் பாலிமரின் கரைசலில் ஆல்கேன் டைதயோலைச் சிறிதளவு சேர்த்து, 2.8 விழுக்காடாக இருந்த செயல்திறனை 5.5 ஆக உயர்த்தியபோதுதான் சேர்பொருளின் வலிமை பலருக்கும் புரிந்தது. பாலிமரும் ஏற்பியும் மாறவில்லை. உலரும் விதம் மாறியது, செயல்திறன் ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று.

இந்த நிகழ்வைக் கண்ணால் காண விரும்பினால் பி3எச்டியை ஒருமுறை பூசிப் பாருங்கள். ஆர்த்தோ டைகுளோரோபென்சீனில் கரைந்திருக்கும்போது அதன் நிறம் ஆரஞ்சு. பூசிய தட்டை ஈரம் உலராத நிலையிலேயே நிறுத்தி, மூடிய பெட்ரிக் கிண்ணத்துக்குள் வைத்தால் படலம் ஆரஞ்சாகவே சற்று நேரம் இருக்கும். பிறகு விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஆழ்ந்த ஊதா நிறம் பரவும். சுருண்டு கிடந்த சங்கிலிகள் நீண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கமையும்போது நிகழும் நிறமாற்றம் அது.

குளோரோஃபாம், குளோரோபென்சீன் போன்றவை ஆய்வகத்தின் சிறு தட்டுகளுக்குச் சரி. தொழிற்சாலையில் சதுர மீட்டர் கணக்கில் ஆவியாக்கத்தக்கவை அல்ல. ஆர்த்தோ சைலீன், டொலுவீன், 2-மெத்தில்டெட்ராஹைட்ரோஃப்யூரான் ஆகிய குளோரின் இல்லாத கரைப்பான்களில் பாலிமர் கரைகிறதா என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். கரையாவிட்டால் பக்கச் சங்கிலியை நீட்டிக் கரைதிறனைக் கூட்டலாம். ஆனால் அதே மாற்றம் சங்கிலிகளின் அடுக்கமைவைத் தளர்த்தும் என்பதால் ஐந்தாம் படி முழுவதையும் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். தடிமனையும் இப்போதே சோதியுங்கள். அச்சு இயந்திரங்களுக்கு 300 நானோமீட்டர் படலமே பாதுகாப்பானது. 100 நானோமீட்டரில் சிறக்கும் பல பாலிமர்கள் அந்தத் தடிமனில் நிரப்புக் காரணியை இழக்கின்றன. பிஎம்6-ஒய்6 இணை 300 நானோமீட்டரிலும் 13.6 விழுக்காட்டைத் தக்கவைத்தது.

ஆறாம் படி: நேர்மையான அளவீடு

செயல்திறன் என்பது திறந்தசுற்று மின்னழுத்தம், குறுக்குச்சுற்று மின்னோட்ட அடர்த்தி, நிரப்புக் காரணி ஆகிய மூன்றின் பெருக்கலை விழும் ஒளித்திறனால் வகுத்துக் கிடைப்பது. ஒளித்திறன் சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் என்பதால் கணக்கு எளிது: 0.83 வோல்ட், 25.3 மில்லிஆம்பியர், 0.748 ஆகியவற்றைப் பெருக்கினால் 15.7 விழுக்காடு.

பிழை பெரும்பாலும் பரப்பளவில் நுழைகிறது. 2 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுர மின்கலத்தின் பரப்பு 4 சதுர மில்லிமீட்டர். பக்கம் உண்மையில் 2.1 மில்லிமீட்டராக இருந்தால் பரப்பு 4.41 ஆகும், 15 விழுக்காட்டு மின்கலம் 16.5 விழுக்காடாகத் தெரியும். ஆண்டுக்கணக்கில் பாலிமர் வேதியியலில் உழைத்துப் பெறும் முன்னேற்றத்தின் அளவுக்குப் பரப்பளவுப் பிழை ஒன்றே போலி முன்னேற்றத்தைக் காட்டிவிடும். ஆகவே பரப்பு துல்லியமாகத் தெரிந்த துளையுடைய உலோக மறைப்பைப் பயன்படுத்துங்கள். அதோடு, விழும் ஒளித்துகள்களில் எத்தனை விழுக்காடு மின்னோட்டமாகின்றன என்னும் புறக் குவாண்டம் செயல்திறனை ஒவ்வோர் அலைநீளத்திலும் அளந்து, சூரிய நிரலோடு சேர்த்துத் தொகையிட்டு மின்னோட்டத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள். இரண்டு மின்னோட்டங்களுக்கும் வேறுபாடு 5 விழுக்காட்டைத் தாண்டினால் விளக்கின் அளவுத்திருத்தத்தையோ பரப்பையோ மீண்டும் பார்க்க வேண்டும். மிகச் சிறந்த ஒற்றை மின்கலத்தின் எண்ணோடு, ஒரே தொகுதியில் செய்த மின்கலங்கள் அனைத்தின் சராசரியையும் பரவலையும் வெளியிடுவது முறை.

குறை எங்கே என்று அறிய மூன்று எண்களையும் தனித்தனியாகப் படியுங்கள். மின்னோட்டம் குறைந்து, குவாண்டம் செயல்திறன் 550 முதல் 650 நானோமீட்டர் பகுதியில் மட்டும் பள்ளமாக இருந்தால் பாலிமரில் உருவாகும் எக்சிட்டான்கள் எல்லையை எட்டவில்லை. பாலிமர் பகுதிகள் பெருத்துவிட்டன. 750 முதல் 900 வரை பள்ளம் என்றால் ஏற்பியின் பக்கம் சிக்கல். எல்லா அலைநீளத்திலும் சமமாகத் தாழ்ந்திருந்தால் மின்னூட்டங்கள் வெளியேறும் வழியில் தடை இருக்கிறது. மின்னோட்ட-மின்னழுத்த வளைகோடு ஆங்கில எஸ் வடிவில் நெளிந்தால் பாலிமரைக் குறைசொல்லும் முன் மின்முனையை ஒட்டிய அடுக்குகளைச் சோதியுங்கள். நிரப்புக் காரணி தாழ்ந்து, படலத்தை மெல்லியதாக்கினால் அது உயர்கிறதென்றால் மின்துளையின் இயக்கம் போதவில்லை. நான்காம் படிக்குத் திரும்பி மூலக்கூறு எடையைப் பாருங்கள்.

ஏழாம் படி: ஆயுளைச் சோதித்தல்

சிலிக்கான் தகடுகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தரப்படும் உலகில், முதல் நாள் செயல்திறனை மட்டும் காட்டும் பாலிமருக்குச் சந்தையில் இடமில்லை. ஆய்வகங்கள் தம் முடிவுகளை ஒப்பிட்டுக்கொள்வதற்காக 2011இல் ஐசாஸ் என்னும் பொது நெறிமுறைகள் வெளியிடப்பட்டன. இருட்டில், தொடர் ஒளியில், வெப்பச் சுழற்சியில், திறந்தவெளியில் என்று தனித்தனிப் பிரிவுகள் அவற்றில் உள்ளன. தொடக்கத்துக்கு மூன்று சோதனைகள் போதும்: நைட்ரஜனில் 85 டிகிரி வெப்பம் மட்டும், நைட்ரஜனில் ஒளி மட்டும், காற்றில் இருட்டு மட்டும். மூன்றையும் பிரித்துச் செய்தால்தான் சிதைவின் காரணம் தெரியும்.

வெப்பத்தில் மட்டும் மின்னோட்டம் சரிந்து, படலத்தின் உட்கவர் நிரல் மாறாமல் இருந்தால் பொருள்கள் சிதையவில்லை. கலவையின் பகுதிகள் பெருத்திருக்கின்றன. சிறு மூலக்கூறு ஏற்பிகள் வெப்பத்தில் நகர்ந்து திரள்வதே இதற்குப் பொதுவான காரணம். ஏற்பியையும் நீண்ட சங்கிலியாக இணைத்துவிடும் முழுப்பாலிமர் மின்கலங்கள் இந்த நகர்வைத் தடுக்கின்றன; அவற்றின் செயல்திறனும் 17 விழுக்காட்டைக் கடந்துவிட்டதால் நீண்ட ஆயுளை நோக்கமாகக் கொண்டவர்கள் அந்த வழியை முதலிலேயே பரிசீலிக்கலாம். ஒளியில் மட்டும் உட்கவர் நிரல் வெளுத்தால் மூலக்கூறுகளே உடைகின்றன. துத்தநாக ஆக்சைடு அடுக்கைப் பயன்படுத்தும் தலைகீழ் அமைப்பில் (எலக்ட்ரான் சேகரிக்கும் மின்முனை கண்ணாடிப் பக்கம் இருப்பது) புற ஊதா ஒளிபட்டு ஒய்6 வகை ஏற்பிகள் சிதைவது அறியப்பட்ட ஒன்று. டின் ஆக்சைடுக்கு மாறியோ புற ஊதாவை வடிகட்டியோ மீண்டும் சோதியுங்கள். காற்றில் இருட்டில் வைத்தவை நிரல் மாறாமல் நிரப்புக் காரணியை மட்டும் இழந்தால், ஈரத்தை ஈர்க்கும் அமிலத்தன்மையுள்ள பிடாட்-பிஎஸ்எஸ் அடுக்கையோ, ஆக்சிஜனால் அரிக்கப்படும் அலுமினியத்தையோ ஐயுற வேண்டும். மூன்று சோதனைகளிலும் சமமாக விரைந்து சரியும் மின்கலத்தில், படலத்துக்குள் தங்கிவிட்ட சேர்பொருளே காரணமா என்பதை அறிய, சேர்பொருள் இல்லாத கரைசலில் செய்த மின்கலம் ஒன்றையும் அருகிலேயே வைத்துச் சோதியுங்கள்.